கைவிட்ட மைதானத்துல வரைஞ்ச ஓவியத்தக் காப்பாத்தணுமா?

கேட்ட கேள்வி இதுதான்: ஒலிம்பிக் மாதிரி பெரிய போட்டிக்குன்னு கொட்டிக் கட்டிட்டு அப்புறம் அம்போன்னு விட்ட இடங்கள்ல கிராஃபிட்டி, அதாவது சுவர்ல ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சு படமும் எழுத்தும் வரையுறாங்களே, அது கலையா நாசமா, அத பாதுகாக்கணுமா இல்ல சுண்ணாம்பு அடிச்சு மறைக்கணுமா?

என் பதில முதல்லயே சொல்லிடறேன். கட்டடத்தக் காப்பாத்துங்க, அங்க போற வழியத் திறந்து வைங்க, பெயிண்ட்ட அதும்பாட்டுக்கு விட்ருங்க. சொல்றதுக்கு ஈஸியா இருக்கு, ஆனா ஒவ்வொரு ஊர்லயும் இதுல ஒரு சிக்கல் இருக்கு. அதனால எனக்கு நல்லாத் தெரிஞ்ச இடங்கள வெச்சே பேசறேன், முக்கியமா சரயேவோ.

1984 பிப்ரவரி 8-லேர்ந்து 19 வரைக்கும் சரயேவோவுல விண்டர் ஒலிம்பிக் நடந்துச்சு. அப்ப அது யூகோஸ்லாவியா, இப்ப போஸ்னியாவோட தலைநகரம். ஒரு சோஷலிச நாட்டுல நடந்த முதல் விண்டர் ஒலிம்பிக் அதுதான். அந்த ஊர்க்காரங்களுக்கு அந்த ரெண்டு வாரம் எவ்வளவு பெருசுன்னு புரிஞ்சுக்க ஒரு சின்ன விஷயம் போதும். யூரே ஃப்ராங்கோன்னு, அப்ப யூகோஸ்லாவியாவுக்குள்ள இருந்த ஸ்லோவேனியாவச் சேந்த ஒரு பையன் பனிச்சறுக்குல வெள்ளி வாங்கினாரு, விண்டர் ஒலிம்பிக்ல யூகோஸ்லாவியாவுக்கே அதுதான் முதல் மெடல். உடனே ஊரே "புரெக்க விட எங்களுக்கு யூரேக்கத்தான் பிடிக்கும்"னு எதுகை மோனையோட கோஷம் போட ஆரம்பிச்சிடுச்சு. புரெக்குங்கறது கறி வெச்சு சுட்ட அடுக்கு ரொட்டி, அங்க காலைல சாயந்திரம் எல்லா வேளைக்கும் அதான். சாப்பாட்ட விட உன்னப் பிடிக்கும்னு ஒரு ஊர் ஒரு வெளியூர்ப் பையனப் பாத்து சொல்லுச்சு. எட்டு வருஷம் கழிச்சு அதே ஊர் மேல குண்டு விழுந்துச்சு.

ஊருக்கு நேர் மேல ட்ரெபெவிச்னு ஒரு மலை, 1,629 மீட்டர். அதோட சரிவுலதான் பாப்ஸ்லெட், லூஜ் (சின்ன ஸ்லெட்ல மல்லாந்து படுத்துக்கிட்டு இறங்கறது) ரெண்டுக்கும் சேத்து ட்ராக் கட்டினாங்க. இந்த விளையாட்டு நம்ம பக்கம் ரொம்பப் பேருக்குப் பழக்கம் இல்லங்கறதால சொல்றேன். கான்கிரீட்ல ஒரு நீளமான வாய்க்கால் மாதிரி கட்டி, அதுக்குள்ள குழாய் பதிச்சு, அம்மோனியா ஓட விட்டு மேல தண்ணியத் தெளிச்சு பனிக்கட்டியா உறைய வைப்பாங்க. அதுக்கு மேல ரெண்டு பேரோ நாலு பேரோ ஒரு ஸ்லெட்ல ஏறி உக்காந்து மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல வேகத்துல இறங்குவாங்க. வளைவு வர்ற இடத்துல எல்லாம் ஸ்லெட் வெளிய பறந்துடாம இருக்க, சுவர் ஒரு பக்கமா உயர்ந்து தலைக்கு மேல வளைஞ்சு நிக்கும். சரயேவோ ட்ராக் 1,300 மீட்டர் நீளம், 13 வளைவு, மேலேர்ந்து கீழ சுமார் 126 மீட்டர் இறக்கம். 84-ல அங்க நடந்த ரெண்டு பாப்ஸ்லெட் தங்கமும் கிழக்கு ஜெர்மனிக்குத்தான் போச்சு, ரெண்டுலயும் ஸ்லெட்ட ஓட்டினது வொல்ஃப்காங் ஹோப்பே.

இங்க ஒண்ணு கவனிங்க. அந்த ஒலிம்பிக்குக்குன்னு அதிகாரபூர்வமா ஒரு கலைத் தொகுப்பும் வந்துச்சு. ஆண்டி வார்ஹோல், டேவிட் ஹாக்னி, ஹென்றி மூர், சை ட்வாம்ப்ளி மாதிரி ஆட்கள் ஆளுக்கு ஒரு படம் போட்டுக் குடுத்தாங்க. வார்ஹோல் போட்டது ஐஸ் மேல ஓடற ஒரு ஸ்பீட் ஸ்கேட்டர். அந்தக் காலத்துல உலகத்துலயே பேர் பெத்த கலைஞர்கள் இவங்க. ஆனா இன்னிக்கு சரயேவோ ஒலிம்பிக்னு தேடினா உங்க கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்கறது அந்தப் படம் எதுவும் இல்ல, காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போற, பேர் தெரியாத பசங்க ஸ்ப்ரே அடிச்ச அந்த ட்ராக்தான்.

நடுவுல நடந்ததச் சொல்லாம அந்தப் பெயிண்ட்டப் பத்திப் பேசறது தப்பு. யூகோஸ்லாவியா உடைஞ்சு போர் வந்து, 1992 ஏப்ரல்ல சரயேவோ முற்றுகை ஆரம்பிச்சுது, முடிஞ்சது 1996 பிப்ரவரி 29. மொத்தம் 1,425 நாள். சரயேவோ ஒரு பள்ளத்தாக்கு, சுத்தி மலை. மலை யார் கையில இருக்கோ ஊர் அவங்க துப்பாக்கிக்குக் கீழ. போஸ்னிய செர்பியப் படை ட்ரெபெவிச்ச பிடிச்சு, இந்த ட்ராக்க பீரங்கி வைக்கற இடமா, மறைஞ்சு சுடற அரணா மாத்திடுச்சு. வளைவுச் சுவர் கெட்டியான கான்கிரீட், அதுல ஓட்ட போட்டு துப்பாக்கிய நீட்டினா அதவிட வசதியான அரண் கெடைக்காது. அந்த ஓட்டைங்க இன்னும் இருக்கு.

கீழ ஊர்ல ஸெத்ரான்னு ஒரு ஐஸ் அரங்கம், ஒலிம்பிக்கோட நிறைவு விழா நடந்த எடம். அது குண்டுல சிதைஞ்சுது, அதோட மர இருக்கைங்கள உருவி சவப்பெட்டி செஞ்சாங்க, பக்கத்துல இருந்த விளையாட்டுத் திடல்ல செத்தவங்களப் புதைச்சாங்க. இக்மான் மலையில இருக்கற ஸ்கீ ஜம்ப் மேடை பக்கத்துல மெடல் குடுத்த பீடம் இருக்கு, ஒலிம்பிக் வளையத்தோட, அது முழுக்க குண்டுத் தடம். ஒலிம்பிக் மியூசியம் இருந்த பழைய மாளிகையும் 92-ல அடி வாங்குச்சு, திரும்பத் திறந்தது 2020-லதான்.

போர் முடிஞ்சதுக்கு அப்புறமும் பல வருஷம் ட்ரெபெவிச்சுக்கு ஊர்க்காரங்க போகல. கண்ணிவெடி. போருக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம ஆனா குடும்பத்தோட சாப்பாடு கட்டிக்கிட்டுப் போற மலை அது, 1959-லேர்ந்து கேபிள் கார் வேற ஓடிட்டு இருந்துச்சு. அந்த கேபிள் காருக்குக் காவலா இருந்த ராமோ பிபெர்ங்கறவர 1992 மார்ச்லயே, முற்றுகை முழுசா தொடங்கறதுக்கு முன்னாடியே, சுட்டுக் கொன்னுட்டாங்க. அப்புறம் மலை ஊருக்கு எதிரி ஆயிடுச்சு.

இந்த இடைவெளியிலதான் பெயிண்ட் வந்துச்சு. வெடி எடுத்து பாதை சரியானதும் முதல்ல ஏறினவங்க சைக்கிள்ல இறங்கற பசங்களும் ஸ்ப்ரே கேன் தூக்கிட்டு வந்த பசங்களும். அந்தச் சுவர நெனச்சுப் பாருங்க. ஒரு கிலோமீட்டருக்கு மேல ஒரே தொடர்ச்சியா, வழவழன்னு, ஆள் உயரத்துக்கு மேல வளைஞ்சு நிக்கற கான்கிரீட். ஸ்ப்ரே அடிக்கறவனுக்கு ஊருக்குள்ள கெடைக்கறது ஷட்டரும் ஓரச் சுவரும்தான், இங்க ஒரு எழுத்த இருபது மீட்டர் நீளத்துக்கு இழுக்கலாம், எவனும் வெரட்ட மாட்டான். வளைவுக்குள்ள வரைஞ்ச எழுத்து நேரா நின்னு பாத்தா ஒரு மாதிரி இருக்கும், ட்ராக்குக்குள்ள நடந்துட்டே பாத்தா விரிஞ்சுகிட்டே வரும். பெரிய கலைஞனுங்க வளைவோட போக்குக்கு ஏத்த மாதிரி எழுத்தையே சாய்ச்சுப் போடுவாங்க, புதுசா வந்தவன் சும்மா பேர எழுதிட்டுப் போவான், அடுத்த வாரம் அந்தப் பேருக்கு மேல வேற ஒருத்தன் முகம் வரைஞ்சிருப்பான்.

கிட்டப் போய் பாத்தா இன்னொண்ணு தெரியும். பெயிண்ட் உரிஞ்ச எடத்துல ஓரத்தப் பாத்தா சிவப்புக்குக் கீழ வெள்ளி, அதுக்குக் கீழ நீலம், அதுக்குக் கீழ கருப்புன்னு அடுக்கடுக்கா இருக்கும், அடியில கான்கிரீட். இணைப்பு வர்ற எடத்துல எல்லாம் பாசி. துப்பாக்கிக்குப் போட்ட ஓட்டையச் சுத்தியும் கலர் இருக்கு, சில பேர் ஓட்டைய அப்படியே விட்டு அதச் சுத்தி வரைஞ்சிருக்காங்க. யாரும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கல. வரைஞ்சவங்கள்ல பாதிப் பேர் போருக்கு அப்புறம் பொறந்தவங்களா இருப்பாங்க, அவங்க அப்பா அம்மா அந்த ஓட்டைக்கு எதிர்ப் பக்கத்துல, கீழ, தண்ணிக்குக் குடம் தூக்கிட்டு ஓடினவங்க. சரயேவோகாரங்களுக்கு இது சுற்றுலாப் படம் எடுக்கற எடம் மட்டும் இல்லன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதனாலதான். வெளியூர்க்காரங்க "ஆஹா இடிபாடு, எவ்வளவு அழகு"ன்னு போட்டோ போடறப்ப எனக்கு வயித்தப் பிசையுது. அங்கேர்ந்து பாத்தா ஊர் முழுக்கத் தெரியுது, அதனாலதான் அது படத்துக்கு நல்லா இருக்கு, அதே காரணத்துக்காகத்தான் அங்க பீரங்கி வெச்சாங்க.

அதே ஊர்ல போர நெனச்சு செஞ்ச மத்த கலையையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும். தெருவுல மோர்ட்டார் குண்டு விழுந்து ஆள் செத்த எடத்துல, குண்டு தோண்டின தடத்துல ரெசின்ங்கற சிவப்புப் பிசின ஊத்தி நிரப்பியிருக்காங்க, பூ மாதிரி விரிஞ்சிருக்கும், சரயேவோ ரோஜான்னு பேரு. தார் மாத்தறப்ப, நடைபாதை போடறப்ப கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சும் போகுது. 2012 ஏப்ரல் 6-ம் தேதி, முற்றுகை தொடங்கி இருபது வருஷம் ஆனப்ப, ஊரோட பெரிய தெருவுல 11,541 சிவப்பு நாற்காலிய வரிசையா போட்டாங்க, செத்தவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு. மேடைக்கு முன்னால போட்ட மாதிரி, உக்கார ஆள் இல்லாம. சின்ன நாற்காலியும் இருந்துச்சு, குழந்தைங்களுக்கு. ஜனங்க அது மேல பொம்மையும் பூவும் வெச்சுட்டுப் போனாங்க. ஒரே ஒரு நாள்தான் அது இருந்துச்சு. பாத்த யாரும் மறக்கல. அதனால கலைன்னா நிரந்தரமா நிக்கணும்ங்கற வாதத்த சரயேவோவுல போய் சொல்ல முடியாது.

இப்ப நெலமை என்னன்னா, 2018 ஏப்ரல் 6-ம் தேதி கேபிள் கார் திரும்ப ஓட ஆரம்பிச்சுது. எட்மண்ட் ஆஃபர்மன்னு ஒரு இயற்பியல்காரர், சரயேவோ பொண்ணக் கட்டினவர், அதுக்குப் பெரிய தொகை குடுத்தாரு. பிஸ்திரிக் பகுதியில ஏறினா பத்து நிமிஷத்துக்குள்ள மேல. ட்ராக்கோட சில பகுதிய சுத்தம் பண்ணி லூஜ் வீரர்கள் வெயில் காலத்துல சக்கரம் வெச்ச ஸ்லெட்ல பயிற்சியும் எடுக்கறாங்க. அதாவது விளையாட்டு கொஞ்சமா திரும்பி வந்திருக்கு, ஓவியமும் இருக்கு, காயமும் இருக்கு, மூணும் ஒரே சுவர்ல. இத விட நல்ல நினைவுச் சின்னத்த எந்த கமிட்டியும் உக்காந்து யோசிச்சு கட்டிட முடியாது.

சரி, எல்லாக் கைவிட்ட இடத்துலயும் இப்படி நடக்குமான்னா, இல்ல. அதே ஒலிம்பிக்கோட இக்மான் ஸ்கீ ஜம்ப்ல ட்ரெபெவிச் அளவுக்குப் படம் கெடையாது. ஊர்லேர்ந்து தூரம், நின்னு வரைய வசதியான சுவரும் இல்ல. கலை முளைக்கணும்னா நல்ல சுவர் வேணும், பசங்க சுலபமா போற தூரத்துல ஊர் இருக்கணும், வெரட்டறதுக்கு ஆள் இருக்கக் கூடாது. இந்த மூணும் சேர்ந்த இன்னொரு இடம் அமெரிக்காவுல மயாமி.

மயாமி மரைன் ஸ்டேடியம் 1963-ல கட்டினது, வர்ஜீனியா கீங்கற தீவுல, கடலப் பாத்த மாதிரி, ஸ்பீட் போட் ரேஸ் பாக்கறதுக்குன்னே. கட்டடத்த வடிவமைச்சவர் ஹிலாரியோ கன்டேலா, கியூபாவுலேர்ந்து வந்தவர், அப்ப முப்பது வயசு கூட ஆகல. 6,566 இருக்கை. கூரை முழுக்க கான்கிரீட், மடிச்சு மடிச்சு விட்ட மாதிரி, 326 அடி நீளம், பின்னாடி தூண்லேர்ந்து முன்னாடி வெறும் காத்துல நீட்டிட்டு நிக்கும். கடலுக்கும் பாக்கறவங்களுக்கும் நடுவுல ஒரு தூண் கூட மறைக்காது. தண்ணியில மிதக்கற மேடை போட்டு கச்சேரியும் நடத்தினாங்க. 1992 ஆகஸ்ட்ல ஆண்ட்ரூ புயல் அடிச்சுது, செப்டம்பர்ல பாதுகாப்பு இல்லன்னு பூட்டினாங்க. அதுக்கப்புறம் பரிசோதிச்ச இன்ஜினியர்கள் அடிப்படைக் கட்டமைப்பு உறுதியாத்தான் இருக்குன்னு சொன்னாங்க, ஆனாலும் முப்பது வருஷம் தாண்டியும் ஆட்டத்துக்குத் திறக்கல. பூட்டின கேட்டுக்கு உள்ள கிராஃபிட்டிகாரங்க புகுந்து இருக்கை, படி, தூண், தரைன்னு ஒரு சாண் விடாம அடிச்சாங்க.

இங்கதான் சிக்கல் வருது. கடல் பக்கத்துக் கட்டடத்துல உப்புக் காத்து கான்கிரீட்டுக்குள்ள எறங்கும், குளோரைடு உள்ள இருக்கற கம்பியத் தொடும், கம்பி துருப்பிடிச்சு உப்பும், உப்பினா மேல இருக்கற கான்கிரீட் பேந்து விழும். சென்னையில கடலோர வீட்டு பால்கனிக்கு அடியில கம்பி தெரியுறத பாத்திருப்பீங்க, அதே கதைதான். இதுக்கு மேல இருபது வருஷ ஸ்ப்ரே பெயிண்ட் அடுக்கு தோல் மாதிரி ஒட்டிக்கிட்டா உள்ள இருக்கற ஈரம் வெளிய வராது. ரிப்பேர் பண்றவங்களுக்கு விரிசல் எங்க இருக்குன்னே கண்ணுக்குத் தெரியாது. ஆனா பெயிண்ட்ட எடுக்கறேன்னு கண்ட கெமிக்கலையும் மணல் வீச்சையும் போட்டா கன்டேலா வார்த்த அந்த மேற்பரப்பே போயிடும், மரப்பலகை அச்சு பதிஞ்ச ரேகை எல்லாம் தேஞ்சிடும். கெட்டி (Getty) அப்படிங்கற அமெரிக்கக் கலை அறக்கட்டளை 2014-ல இந்தக் கட்டடத்துக்கு ஆய்வு நிதி குடுத்துச்சு, இருபதாம் நூற்றாண்டு நவீன கட்டடங்கள எப்படிக் காப்பாத்தறதுங்கற அவங்க திட்டத்துல.

அந்த சமயத்துலயே ஸ்டேடியத்தக் காப்பாத்தப் போராடின குழு ஒரு காரியம் பண்ணுச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. கலைஞர்களக் கூப்பிட்டு சுவர்ல வரையச் சொன்னாங்க, அத நல்லபடியா போட்டோ எடுத்து, அந்தப் பிரிண்ட்ட வித்து சீரமைப்புக்குப் பணம் சேத்தாங்க. வரையறப்பவே எல்லாருக்கும் தெரியும், கட்டடம் சரியாகற அன்னிக்கு இந்தப் படம் போயிடும்னு. பெயிண்ட் கட்டடத்துக்காக உழைச்சுச்சு. 2018-ல தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டுலயும் ஸ்டேடியம் ஏறிடுச்சு. கன்டேலா 2022-ல காலமானார், திரும்பத் திறக்கறதப் பாக்காமயே.

"அப்ப அரசாங்கமே கலைஞர வெச்சு செஞ்சா பிரச்சனை இல்லல்ல"ன்னு கேக்கறவங்களுக்கு மெக்சிகோ. 1968 ஒலிம்பிக்குக்கு மத்தியாஸ் கோரிட்ஸ்ங்கற சிற்பி யோசனையில, நகரத்தோட தெற்குச் சுத்துச் சாலையில 17 கிலோமீட்டருக்கு 19 கான்கிரீட் சிற்பம் வெச்சாங்க. நட்புப் பாதைன்னு பேரு. பல நாட்டுக் கலைஞர்கள், பெரிய சிற்பம் 26 மீட்டர் உயரம் வரைக்கும், காருல போறவன் ஒண்ணு முடிஞ்சு அடுத்தது எப்ப வரும்னு எதிர்பாக்கற மாதிரி இடைவெளி விட்டு. போட்டி முடிஞ்சதும் யாரும் சீந்தல. விளம்பரப் பலகை மறைச்சுது, சுவர் எழுந்துச்சு, கிறுக்கினாங்க, உள்ள ஆள் குடியேறினாங்க. 1994-ல ஒரு அறக்கட்டளை வந்துதான் ஒவ்வொண்ணா மீட்டாங்க. அப்புறம் சாலைக்கு மேல ரெண்டாவது தளம் கட்டறேன்னு 2012 வாக்குல பல சிற்பத்தப் பேத்து ஒரு சாலைச் சந்திப்புல கூட்டமா கொண்டு வெச்சாங்க. சிற்பம் பொழச்சுது, வாஸ்தவம். ஆனா அந்தப் பாதைங்கற யோசனை செத்துப் போச்சு, பதினேழு கிலோமீட்டர் ஓட்டத்துக்காகச் செஞ்சத ஒரே எடத்துல குவிச்சா அது சிற்பக் கிடங்குதான். அரசாங்கக் காசுல வந்ததுங்கறதுக்காக கலைக்கு ஆயுசு கெட்டின்னு எந்த உத்தரவாதமும் இல்ல. அந்த ஒலிம்பிக் தொடங்கறதுக்குப் பத்து நாள் முன்னாடி அக்டோபர் 2-ம் தேதி த்லதெலோல்கோ சதுக்கத்துல அரசாங்கமே மாணவர்கள சுட்டுக் கொன்னதையும் இந்த நட்புங்கற பேரோட சேத்துத்தான் நெனைக்கணும்.

அதனால பாதுகாக்கணுமான்னு கேட்டா நான் பிரிச்சுத்தான் சொல்வேன். ட்ரெபெவிச் ட்ராக்குக்கு மேல கண்ணாடி போட்டோ, "இந்தப் படத்த யாரும் தொடக் கூடாது"ன்னு வேலி போட்டோ வெச்சா அன்னிக்கே அது முடிஞ்சுது, அது உயிரோட இருக்கறதே மேல மேல வரையறதாலதான். நேத்து வரைஞ்சவனுக்கு ஒரு உரிமை, நாளைக்கு வர்றவனுக்கு இல்லன்னு யார் முடிவு பண்றது? அதுக்காக சும்மா விட்டுட்டு இருக்கவும் கூடாது. ட்ராக்குல செடி வேர் விட்டு விரிசல் வாங்குது, தண்ணி தேங்கி உறைஞ்சு உருகி கான்கிரீட்ட ஒடைக்குது, அதுக்கு வருஷா வருஷம் வேலை செய்யணும், காசு ஒதுக்கணும். துப்பாக்கி ஓட்டைய மட்டும் எந்தக் காரணத்துக்கும் சிமென்ட் வெச்சு அடைக்கக் கூடாது. படங்கள வருஷத்துக்கு ஒரு தடவ ஒழுங்கா போட்டோ எடுத்து, எந்த வளைவு எந்த வருஷம்னு பதிஞ்சு வைக்கணும், இதுக்கு ஆகற செலவு ஒண்ணும் பெருசில்ல. இதெல்லாம் சரயேவோகாரங்க முடிவு பண்ண வேண்டியது, ஒலிம்பிக் கமிட்டியோ என்ன மாதிரி வெளியாளோ இல்லங்கறதையும் சேத்தே சொல்றேன்.

மயாமி மாதிரி திரும்பவும் விளையாட்டுக்கோ கச்சேரிக்கோ பயன்படுத்த முடியற கட்டடம்னா பெயிண்ட் போகட்டும், தயக்கமே வேண்டாம், கூரை நின்னாத்தான் நாளைக்கு எதுவும்.

யாராவது சரயேவோ போறதா இருந்தா: கேபிள் கார்ல மேல போய், அங்கேர்ந்து கொஞ்ச தூரம் நடந்தா ட்ராக்கோட மேல் முனை வரும், உள்ளயே எறங்கி நடக்கலாம், மழை பெஞ்சிருந்தா பெயிண்ட் மேல கால் வழுக்கும், நல்ல பிடிப்பு இருக்கற ஷூ போடுங்க. குறுக்கு வழின்னு காட்டுக்குள்ள மட்டும் எறங்காதீங்க, போஸ்னியாவுல கண்ணிவெடி இன்னும் முழுசா தீரல. போறதுக்கு முன்னாடி ஊருக்குள்ள ஒலிம்பிக் மியூசியத்தப் பாத்துடுங்க, 84-ல அந்த ட்ராக் வெள்ளையா இருந்த போட்டோவப் பாத்துட்டு மேல ஏறினா எங்க நிக்கறோம்னு நல்லாப் புரியும்.